முத்திரை மேல் முத்திரை: பழைய ராணுவ ரிவால்வரின் வயதைப் படிப்பது எப்படி

பழைய ராணுவ ரிவால்வர் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது நான்கு இலக்க ஆண்டைத்தான். எங்காவது ‘1895’ என்றோ ‘1917’ என்றோ கண்ணில் பட்டால் தேடல் அங்கேயே முடிந்துவிடும். பிழையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரஷ்ய நாகான்ட் ‘1895 மாடல்’ என்று அழைக்கப்பட்டாலும், இரண்டாம் உலகப்போர் முடியும் காலம் வரை அது தயாரிப்பில் இருந்தது. ஜப்பானின் ‘26-ஆம் வகை’ ரிவால்வரில் உள்ள இருபத்தாறு மெய்ஜி பேரரசரின் 26-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1893. அது அந்த மாடலின் ஆண்டு, கையில் இருக்கும் துண்டு செய்யப்பட்ட ஆண்டு அல்ல. அமெரிக்க கோல்ட் நிறுவனத்தின் குழல்கள் மேல் வரிசையாக வரும் தேதிகள் காப்புரிமைத் தேதிகள். அவற்றில் கடைசித் தேதிக்கு முன் அந்தக் குழல் செய்யப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான். பின்னால் எத்தனை ஆண்டு கழித்து வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

ராணுவ ரிவால்வரில் முத்திரைகள் எல்லாம் ஒரே நாளில் குத்தப்படுவதில்லை. தொழிற்சாலைக் குறி முதலில் விழும். பிறகு அரசு ஆய்வாளர் ஏற்றுக்கொண்ட குறி, அதன் பின் படைப்பிரிவு எண். பழுது பார்த்தால் பட்டறைக் குறி, சேவையிலிருந்து கழித்தால் விற்பனைக் குறி, தனியார் சந்தைக்குப் போகும் முன், அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டுச் சோதிக்கும் பரிசோதனைச் சாலையின் குறி, வேறு நாட்டுக்குள் நுழைந்தால் இறக்குமதியாளர் பெயர். ‘விசித்திரமான முத்திரை’ என்று பலர் குழம்புவது பெரும்பாலும் இந்த அடுக்கில் மூன்றாவதோ ஐந்தாவதோ ஆக இருக்கும். அதை முதல் அடுக்காக நினைத்துப் படித்தால் எதுவும் பொருந்தாது. ஆகவே ‘இது என்ன குறி’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இது எதற்குப் பின் குத்தப்பட்டது’ என்று கேட்க வேண்டும்.

கையில் எடுக்கும் முன்

முதலில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். வெப்ளி, என்ஃபீல்டு போன்ற மடிந்து திறக்கும் ரிவால்வர்களில் சுத்தியலுக்கு அருகே இடப்பக்கம் உள்ள நெம்பை கட்டைவிரலால் அழுத்திக் குழலைக் கீழே சாய்த்தால் ஆறு அறைகளும் தெரியும். ஸ்மித் அண்ட் வெசன், கோல்ட் இரண்டிலும் சிலிண்டர் இடப்பக்கம் வெளியே வரும். பிரெஞ்சு 1892 மாடலில் அது வலப்பக்கம் வரும். இதுவே அதை அடையாளம் காண ஒரு நல்ல சுருக்கு வழி. நாகான்டிலும் ஜெர்மானிய ராய்ஷ்ரிவால்வரிலும் எதுவும் திறக்காது. வலப்பக்கக் கதவைத் திறந்து சிலிண்டரை ஒவ்வொரு அறையாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். நாகான்டில் ஏழு அறை என்பதை மறந்து ஆறோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஆஸ்திரியாவின் ராஸ்ட் அண்ட் கஸ்ஸரில் எட்டு. துருவேறி உள்ளே சிக்கிய தோட்டா இருந்தால் அடித்து வெளியேற்றக் கூடாது. அதை ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. உரிமம், ஒப்படைப்பு விஷயத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பரணில் கிடைத்த துப்பாக்கியை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் விசாரிப்பது எங்குமே புத்திசாலித்தனம் இல்லை. படம் எடுத்து விசாரியுங்கள்.

அடுத்து, எதையும் தேய்க்காதீர்கள். கம்பி உருண்டை, உப்புத்தாள், துரு நீக்கும் அமிலம் மூன்றுமே ஆய்வுக்குப் பகை. ஒரு முத்திரை பூச்சுக்கு முன் விழுந்ததா, பின் விழுந்ததா என்பதற்கான ஆதாரம் எழுத்தின் பள்ளத்தில் தங்கியிருக்கும் பூச்சுதான். மெல்லிய எண்ணெயை இருபத்து நான்கு மணி நேரம் ஊறவிட்டு, மிருதுவான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். காய்ந்த பிசுக்கு மட்டும் விடாப்பிடியாக இருந்தால், மூங்கில் குச்சியைக் கூர்மையாகச் சீவி எழுத்தின் பள்ளத்தை மட்டும் சுரண்டலாம். இரும்பு ஊசி வேண்டாம்.

பார்ப்பதற்கு 10 மடங்கு பூதக்கண்ணாடி ஒன்றும் கைவிளக்கு ஒன்றும் வேண்டும். விளக்கை நேராகப் பிடித்தால் முத்திரை மறைந்துவிடும். மேற்பரப்பை உரசுவது போல, பதினைந்து இருபது பாகைக் கோணத்தில் ஒளியைப் படரவிட்டால், பாதி அழிந்த மகுடம்கூட நிழலாக எழுந்து நிற்கும். விளக்கை ஒரே இடத்தில் வைக்காமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள். ஒரு திசையில் ‘3’ ஆகத் தெரிவது இன்னொரு திசையில் ‘8’ ஆகத் தெரியும். வெள்ளைச் சாக்பீஸ் பொடியை விரலால் தடவி மேலே துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். படம் எடுக்க இதுவே எளிதான வழி. வேலை முடிந்ததும் பொடியைத் துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும், ஏனென்றால் பொடி ஈரத்தை இழுக்கும்.

கைப்பிடிப் பலகைகளின் அடியிலும் எழுத்துகள் இருக்கும். அதைக் கழற்றும்போதுதான் நிறையப் பலகைகள் உடைகின்றன. திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் அகலமும் தடிமனும் கொண்ட திருப்புளி வேண்டும். ஆப்பு வடிவ நுனி மேலே ஏறி வெட்டின் விளிம்பைக் கிழித்துவிடும். வெப்ளி, என்ஃபீல்டு, ஸ்மித் அண்ட் வெசன் மூன்றிலும் ஒரே திருகாணி இரண்டு பலகைகளையும் பிடித்திருக்கும். அதை முழுதாக வெளியே எடுக்காமல் நான்கைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையை மரப்பிடியால் லேசாகத் தட்டினால் எதிர்ப்பக்கப் பலகை தானே விலகும். விளிம்பில் நெம்பினால் மூலை சிதறும். ஸ்மித் அண்ட் வெசனின் பக்கத் தகட்டைத் திறக்க நேர்ந்தாலும் இதே தர்க்கம்தான். திருகாணிகளை எடுத்த பின் ஃபிரேமின் கைப்பிடிப் பகுதியைத் தட்ட, அதிர்வில் தகடு தூக்கிக்கொண்டு வரும். நெம்பப்பட்ட தகட்டின் விளிம்பில் ஒரு கீறல் என்றைக்கும் நிற்கும். முன்பு யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

எழுத்தை நம்பும் முன் இரும்பைக் கேட்பது

முத்திரை பொய் சொல்லலாம், புரி சொல்லாது. புரி என்பது ரவையைச் சுழற்றுவதற்காகக் குழலின் உள்ளே வெட்டிய பள்ளம்; எத்தனை புரிகள், எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்று எண்ணிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. கோல்ட் ஆறு புரி, இடச்சுற்று. ஸ்மித் அண்ட் வெசன் ஐந்து புரி, வலச்சுற்று. வெப்ளியும் என்ஃபீல்டும் ஏழு புரி, வலச்சுற்று. நாகான்ட் நான்கு. ‘ஸ்மித் அண்ட் வெசன்’ என்று பெரிதாக எழுதிய துப்பாக்கியில் ஆறு இடச்சுற்றுப் புரிகள் தெரிந்தால், அதன் பெயரைத் திரும்ப ஒரு முறை வாசிக்க வேண்டியதுதான். முதல் உலகப்போரின்போது பிரிட்டனுக்குத் துப்பாக்கி போதாமல், ஸ்பெயினின் ஐபார் நகரப் பட்டறைகளிலிருந்து ஸ்மித் அண்ட் வெசன் பாணியில் மடிந்து திறக்கும் .455 ரிவால்வர்கள் வாங்கப்பட்டன. காராட்டே அனிதுவா செய்தது ‘பழைய பாணி எண் 1’, ட்ரோகாவோலா அரன்சபால் செய்தது ‘எண் 2’. ட்ரோகாவோலாவின் பின்னிய எழுத்துச் சின்னம் தூரத்தில் ஸ்மித் அண்ட் வெசன் சின்னம் போலவே தெரியும். அமெரிக்கத் துப்பாக்கி என்று பெருமையோடு வைத்திருந்து, கண்ணாடியை வைத்துப் பார்த்ததும் ஏமாந்தவர்கள் ஏராளம். ஆனால் அதன் பக்கத்திலேயே பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்று காட்டும் அகல அம்பு இருந்தால், ஏமாற்றத்துக்கு இடமே இல்லை. போர்க்காலக் கொள்முதலில் வந்த உண்மையான ராணுவத் துண்டு அது.

தோட்டாவின் அளவைத் தீர்மானிக்க அறையை வார்த்து அளப்பது நம்பகமான முறை. செரோசேஃப் என்ற கலப்புலோகம் 70 முதல் 88 டிகிரி செல்சியஸில் உருகும். கொதிக்கும் தண்ணீருக்குள் நிறுத்திய பாத்திரத்திலேயே உருக்கிவிடலாம். அறையைத் துடைத்து, எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசி, முன்பக்கத்தைத் துணிச்சுருளால் அடைத்து ஊற்ற வேண்டும். உறைந்ததும் கொஞ்சம் சுருங்கும், அந்த நேரத்தில் வெளியே தள்ளிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அது அறையின் அசல் அளவுக்குத் திரும்பி வரும். அந்த நேரத்தில் அளக்க வேண்டும். மறுநாள் அளந்தால் இன்னும் சற்று விரிந்திருக்கும், தவறான அளவு கிடைக்கும்.

குழலை அளக்க மென்மையான ஈயத் துண்டை மரக்கோலால் தள்ளி எடுப்பார்கள். ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படைப் புரி உள்ள குழலில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மேட்டுக்கு எதிரே பள்ளம் வருவதால் வெர்னியரின் இரண்டு தாடைகளும் ஒரே வகை இடத்தில் உட்காரா, அளவு சிறிதாகக் காட்டும். ‘என் வெப்ளியின் குழல் தேய்வதற்குப் பதில் சுருங்கியிருக்கிறது’ என்று வரும் புலம்பல்களின் மூலம் இதுதான். மூன்று முனைத் தாங்கியில் வைத்து அளப்பதோ, தடிமன் தெரிந்த மெல்லிய தகட்டைத் துண்டைச் சுற்றிப் போர்த்தி அளந்து கழிப்பதோ சரியான வழி.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? பிரிட்டிஷ் .38/200 தோட்டாவின் ரவை .361 அங்குலம், பித்தளைக் கூட்டின் விட்டம் .386, நீளம் சுமார் .775. அமெரிக்க .38 ஸ்பெஷலுக்கு ரவை .358, கூடு .379, நீளம் 1.155. பிரிட்டனுக்கு .38/200 அளவில் வந்த ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்கள் பலவற்றின் அறையைப் போருக்குப் பின் ஆழப்படுத்தி .38 ஸ்பெஷலுக்கு மாற்றினார்கள். ஆழம் கூடியது, அகலம் குறைய வழியில்லை. சுடும்போது கூட்டின் அடிப்பகுதி வீங்கும், சில சமயம் வெடிப்பு விழும். அறையின் பின்பாதி .386, முன்பாதி .379 என்று இரண்டு படிகளாக அளவு வந்தால் சந்தேகமே வேண்டாம், அது மாற்றப்பட்டது.

வெப்ளி மார்க் 6 விஷயமும் இதே ரகம். சிலிண்டரின் பின்முகத்தைக் கடைந்து, விளிம்பு துருத்தாத .45 ஏ.சி.பி. தோட்டாவை, அதைப் பிடித்து நிறுத்தும் பிறைக் கவ்வியோடு போடும்படி செய்த துண்டுகள் ஏராளம். அந்தத் தோட்டாவின் சாதாரண அழுத்தமே வெப்ளியின் பரிசோதனை அழுத்தத்தை ஒட்டிவிடும். சிலிண்டர் தாங்கினாலும் கொக்கியும் கீலும் ஆடத் தொடங்கும். கடைந்ததைக் கண்டுபிடிக்க, சிலிண்டருக்கும் பின்னாலுள்ள ஃபிரேம் சுவருக்கும் இடையே அசல் தோட்டாவின் விளிம்புத் தடிமனை விட அதிக இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பின்முகத்தில் கருப்புப் பூச்சு போய் வெள்ளை இரும்பாக, வட்டக் கோடுகளோடு இருக்கும்.

முதல் அடுக்கும் இரண்டாம் அடுக்கும்

பிரிட்டிஷ் துப்பாக்கி என்று எடுத்துக்கொண்டால், மாடல்களின் ஏற்பு ஆண்டுகள் கைவசம் இருக்க வேண்டும். வெப்ளி மார்க் 1 1887, மார்க் 2 1894, மார்க் 3 1897, மார்க் 4 1899, மார்க் 5 1913, மார்க் 6 1915. மார்க் 5-இல் சிலிண்டர் சற்றுப் பருத்தது, கார்டைட் மருந்துத் தோட்டாவைத் தாங்குவதற்காக. மார்க் 6-ஐ எழுத்தே படிக்காமல் சொல்லிவிடலாம்: ஆறு அங்குலக் குழல், அடியில் சதுரமாக வெட்டிய கைப்பிடி, கழற்றி மாட்டும் முன்குறி. அதற்கு முந்தையவற்றின் கைப்பிடி பறவைத் தலை போல வளைந்திருக்கும். சிறகு முளைத்த ரவைச் சின்னம் வெப்ளியின் சொந்தக் குறி. அதற்கு அருகே ஆண்டு இருந்தால் அது தயாரிப்பு ஆண்டாகவே இருக்கும். மகுடம், எண், கீழே ஓர் எழுத்து என்று மூன்றடுக்காக வரும் சின்னஞ்சிறு குறிகள் ஆய்வாளருடையவை. ‘இ’ என்றால் என்ஃபீல்டு, ‘பி’ என்றால் பர்மிங்காம். இவை ஃபிரேம், சிலிண்டர், குழல், சுத்தியல் என்று ஒவ்வொரு பாகத்திலும் இருக்கும். அப்படியிருந்தால் இயல்பு. ஒரு பாகத்தில் மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பாகம் பிறகு வந்தது.

என்ஃபீல்டு எண் 2 ரிவால்வரை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ‘விசித்திர முத்திரை’க் கேள்விகளில் பாதி இதைப் பற்றியே வருகின்றன. மார்க் 1 ஏற்கப்பட்டது 1932. சுத்தியலில், கட்டைவிரலால் பின்னுக்கு இழுப்பதற்கான காது இருக்கும். 1938-இல் ‘மார்க் 1 நட்சத்திரம்’ வந்தது. காதை எடுத்துவிட்டார்கள், விசையை இழுத்து மட்டுமே சுட முடியும். கவச வாகனங்களுக்குள் காது எங்காவது மாட்டிக்கொள்வதுதான் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பழைய மார்க் 1 துப்பாக்கிகள் பழுதுக்கு வந்தபோது அவற்றையும் இதே மாதிரி மாற்றினார்கள். எனவே 1934 என்ற ஆண்டோடு நட்சத்திரம் இருந்தால் அது போலி அல்ல. ஆண்டு முதல் அடுக்கு, நட்சத்திரம் பழுதுப் பட்டறையின் அடுக்கு. உற்றுப் பார்த்தால் நட்சத்திரத்தின் ஆழமும் எழுத்துகளின் ஆழமும் வேறுபடும். 1942-இல் வந்த ‘இரட்டை நட்சத்திர’ மாடலில் சுத்தியல் தடுப்பையும் விட்டுவிட்டார்கள். கீழே விழுந்தால் வெடிக்கும் அபாயம் இருந்ததால் போருக்குப் பின் அவற்றைத் திரும்பப் பெற்றுத் தடுப்பைப் பொருத்தினார்கள். அதனால் இரட்டை நட்சத்திரம் அப்படியே இருக்கும் துண்டு அரிது. கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் உள்ளே தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ‘ஆல்பியன்’ என்று எழுதியிருந்தால் பலரும் அதை ஒரு படைப்பிரிவின் பெயர் என்று நினைக்கிறார்கள். அது கிளாஸ்கோவின் லாரித் தொழிற்சாலை, ஆல்பியன் மோட்டார்ஸ். 1941 முதல் 1943 வரை இந்த ரிவால்வரைச் செய்தது. ‘எஸ்.எஸ்.எம்.’ என்று சிறு பாகங்களில் தெரிந்தால் கிளைடுபேங்கில் இருந்த சிங்கர் தையல் இயந்திரத் தொழிற்சாலை. முழுத் துப்பாக்கியை அல்ல, பாகங்களை மட்டும் செய்து கொடுத்தது. ‘எச்.ஏ.சி.’ என்றால் ஆஸ்திரேலியாவின் ஹோவர்ட் ஆட்டோ கல்டிவேட்டர்ஸ், உழவு இயந்திரம் செய்தவர்கள். மிகச் சில நூறு மட்டுமே செய்தார்கள் என்பதால் இதன் பெயரில் போலிகளும் உண்டு. வெப்ளியின் .38 மார்க் 4-இல் ‘வார் ஃபினிஷ்’ என்று இரண்டு சொற்கள் இருந்தால் அது படைப்பிரிவோ போர்முனையோ அல்ல. போர்க்கால அவசரத்தில் மெருகு போடாமல் விட்டோம் என்று தயாரிப்பாளரே குறித்து வைத்த வாக்கியம்.

ஸ்மித் அண்ட் வெசனின் ‘விக்டரி’ மாடலில் எண்ணுக்கு முன் ‘வி’ வரும், 1942-இலிருந்து. 1944-இன் இறுதியில் சுத்தியல் தடுப்பு மாற்றப்பட்ட பின் ‘எஸ்.வி.’ ஆனது. கீழே விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்து அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் இறந்ததை ஒட்டி வந்த மாற்றம் அது. பழைய ‘வி’ துப்பாக்கிகளில் தடுப்பைப் பிறகு பொருத்தியபோதும் முன்னால் ‘எஸ்’ சேர்த்தார்கள். அந்த ‘எஸ்’ வரிசைக்குள் ஒட்டாமல் ஓரமாக நிற்கும். மேல்பட்டையில் ‘ஜி.எச்.டி.’ என்று வருவது அமெரிக்க ராணுவ ஆய்வாளர் கை எச். ட்ரூரியின் பெயரெழுத்துகள். உரிமையாளரின் பெயர் என்று நினைத்து வம்சாவளி தேடியவர்களும் இருக்கிறார்கள்.

எண் விஷயத்தில் அதிகம் பேர் விழும் குழி ஒன்று உண்டு. ஸ்மித் அண்ட் வெசனில் சிலிண்டரை வெளியே சாய்த்தால் கீல் கையிலும் ஃபிரேமின் உள்பக்கத்திலும் ஓர் எண் தெரியும். அது தொழிற்சாலைக்குள் பாகங்களைச் சேர்த்து வைக்கப் போட்ட கோர்ப்பு எண். வரிசை எண் கைப்பிடியின் அடிப்பரப்பில் இருக்கும். அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடியிலும், வலப்பக்கப் பலகையின் உள்பக்கத்திலும் இருக்க வேண்டும். கோல்ட் 1917 இதற்கு நேர் எதிர். அடியில் ராணுவ எண், கீல் கையில் தொழிற்சாலை எண், இரண்டும் ஒன்றாக இராது. இரண்டும் வேறு வேறாக இருப்பதைப் பார்த்து ‘பாகம் மாறிய துப்பாக்கி’ என்று விலையைக் குறைப்பவர்கள் அறியாமல் செய்கிறார்களா, அறிந்தே செய்கிறார்களா என்பது வேறு கேள்வி.

மற்ற நாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். துலா நாகான்டில் ஆண்டு ஃபிரேமின் இடப்பக்கம் தெளிவாக இருக்கும். ஜார் காலத்தில் தொழிற்சாலைப் பெயர், சோவியத் காலத்தில் நட்சத்திரத்துக்குள் அம்பு. முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இஷெவ்ஸ்க். சதுரத்துக்குள் குறுக்குக் கோடு இருந்தால் ராணுவக் கிடங்கில் புதுப்பிக்கப்பட்டது, அப்படியென்றால் பூச்சும் கைப்பிடியும் அசல் என்று எண்ண வேண்டாம். ராஸ்ட் அண்ட் கஸ்ஸரில் வியன்னாவின் சுருக்கெழுத்து, கழுகு, இரண்டு இலக்கம் என்று வரும். கழுகுக்குப் பின் 14 என்றால் 1914-இல் ஏற்கப்பட்டது. நான்கு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சின்னம் ஜப்பானின் கொய்ஷிகாவா ஆயுதச்சாலை. ஸ்மித் அண்ட் வெசன் 1917-இன் பக்கத் தகட்டில் பெரிய நாட்டுச் சின்னம் இருந்தால் அது பிரேசில், 1937 ஒப்பந்தம். இதில் ‘1917’ என்ற மாடல் எண் இருபது ஆண்டு தவறாக வழிகாட்டும்.

பிந்தைய அடுக்குகள்

எந்த அரசுக்குச் சொந்தம் என்பதை அம்பு சொல்லும். தனி அகல அம்பு பிரிட்டன். அம்பின் கீழ் ‘ஐ’ இருந்தால் இந்திய அரசு. ‘சி’ எழுத்தின் உள்ளே அம்பு என்றால் கனடா, ‘யு’வுக்குள் என்றால் தென்னாப்பிரிக்கா, இரண்டு ‘டி’களுக்கு நடுவே என்றால் ஆஸ்திரேலியா, ‘என்’னுக்கும் ‘இசட்’டுக்கும் நடுவே என்றால் நியூசிலாந்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் சேவையிலிருந்து கழித்து விற்கப்பட்டது. இந்த முட்டும் அம்புகளைத்தான் பலரும் மர்மச் சின்னமாக நினைத்து ரகசியப் படை வரை கற்பனை செய்கிறார்கள். ‘எஃப்.டி.ஆர்.’ என்பது தொழிற்சாலையில் முழுமையாகப் பழுது பார்த்ததன் சுருக்கம். பக்கத்தில் ஆண்டு இருந்தால் அது பழுதின் ஆண்டு.

விற்ற பின் பிரிட்டனில் தனியார் கைக்குப் போக வேண்டுமானால் பரிசோதனைச் சாலையின் குறி விழ வேண்டும். மகுடத்தின் கீழ் ‘பி.என்.பி.’ என்றால் பர்மிங்காம், 1954-இன் புதிய விதிகளுக்குப் பிறகு. அதனோடு தோட்டாவின் அளவும் கூட்டின் நீளமும் அழுத்தமும் வரும். ‘.38, .767 அங்குலம், 3½ டன்’ என்பது .38/200 அறைக்கு வழக்கமான எழுத்து. இந்த எழுத்து இருந்தும் அறை .38 ஸ்பெஷல் நீளத்துக்கு ஆழமாக இருந்தால், பரிசோதனைக்குப் பின்னரே யாரோ கடைந்திருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியின் பரிசோதனைக் குறி இனி செல்லாது. வெளிநாட்டுத் துப்பாக்கி என்றால் ‘இங்கிலாந்தில் செய்யப்பட்டதல்ல’ என்ற பொருளில் முழு வாக்கியமே குத்தப்பட்டிருக்கும். அது 1925-க்கும் 1955-க்கும் இடைப்பட்ட காலத்துக்கான முத்திரை. பெல்ஜியத்தின் லியேஜ் குறியில் முட்டை வடிவத்துக்குள் மூன்று எழுத்துகள் வரும். மேலே மகுடம் இருந்தால் 1893-க்குப் பின். அமெரிக்க இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் 1968 சட்டத்துக்குப் பின் உள்ளே போனது.

ஒரு துண்டை இப்போது முழுதாக வாசித்துப் பார்க்கலாம். வலப்பக்கம் ஆல்பியன், எண் 2 மார்க் 1 நட்சத்திரம், 1942. குழலில் ஓர் எண்ணைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் ஃபிரேமின் எண்ணைப் புதிதாகக் குத்தியிருக்கிறது. ‘எஃப்.டி.ஆர்.’ இருக்கிறது. முட்டும் இரண்டு அம்புகள். குழலிலும் சிலிண்டரிலும் மகுடத்தோடு பி.என்.பி. ஃபிரேமின் அடியில் லேசரில் எழுதியது போன்ற நுண்ணிய ஆங்கில வரி. கதை இப்படி வருகிறது: 1942-இல் கிளாஸ்கோவில் செய்தது, முழுப் பழுதுக்குப் போனபோது குழல் மாறியது, பிறகு கழிக்கப்பட்டது, 1954-க்குப் பின் பர்மிங்காமில் பரிசோதிக்கப்பட்டது, 1968-க்குப் பின் கடல் கடந்தது. எண் அடித்து எழுதியிருப்பது குறை அல்ல. பட்டறை ஒழுங்காக வேலை செய்ததற்கான அத்தாட்சி அது. எண் பொருந்தாமலே விட்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பொய் முத்திரைகள்

எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்து பார்த்தால் போலி பெரும்பாலும் தானே காட்டிக்கொடுத்துக்கொள்ளும். பூச்சுக்கு முன் குத்திய எழுத்தின் பள்ளமும் சுற்றுப்புறமும் ஒரே நிறத்தில் இருக்கும், விளிம்பு மெருகில் சமமாகியிருக்கும். பூச்சுக்குப் பின் குத்தினால் விளிம்பில் இரும்பு எழும்பி நிற்கும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும், பள்ளத்தின் அடி மினுங்கும். படைப்பிரிவு முத்திரை இயல்பாகவே பூச்சுக்குப் பின் விழுவது, எனவே விளிம்பு எழும்பியிருப்பது மட்டுமே குற்றம் அல்ல. ஆனால் நூறு ஆண்டு கைபட்ட துப்பாக்கியில் அந்த விளிம்பும் தேய்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் பூச்சு மங்கி, கழுகின் இறக்கை மட்டும் கூர்மையாக நின்றால், அந்தக் கழுகு நேற்றுப் பறந்து வந்தது.

கைபர் கணவாய்ப் பகுதிப் பட்டறைகளின் நகல்கள் தனி உலகம். வெறும் அரத்தையும் கைத் துரப்பணத்தையும் வைத்துக்கொண்டு வெப்ளியையும் என்ஃபீல்டையும் அச்சு அசலாகச் செய்யும் கைத்திறன் அவர்களுடையது. எழுத்து மட்டும் அவர்களுக்குப் படம். அதனால் ‘என்’ எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கும், ‘எஸ்’ தலைகீழாகியிருக்கும், எண்கள் ஒரே கோட்டில் நிற்காமல் படியேறும். விக்டோரியா ராணியின் ‘வி.ஆர்.’ மகுடத்துக்குக் கீழே 1919 என்று இருக்கும். ராணி இறந்தது 1901 ஜனவரியில். இந்த நகல்களின் இரும்பு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை, ஆகவே சுடுவதை நினைக்கவே வேண்டாம். சேகரிப்புப் பொருளாக அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. ‘போலி’ என்று தூக்கிப் போடுவது எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயம்.

படைப்பிரிவு முத்திரைகளை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விலையை ஏற்றுவது அவைதான், அதனால் கைவைக்கப்படுவதும் அவைதான். ஏலப் பட்டியல்களில் பெரிய எழுத்தில் வருவதும் அவையே. ஜெர்மானிய ராய்ஷ்ரிவால்வரில் ‘எச்’ என்றால் ஹுஸார், ‘யு’ என்றால் உலான், ‘டி’ என்றால் டிராகூன், கடைசி எண் ஆயுத எண் என்று ஒழுங்கான விதி உண்டு. விதி ஒழுங்காக இருந்தால் நகலெடுப்பதும் ஒழுங்காகவே நடக்கும். அதற்கு மாறாக ‘எஃப்.டி.ஆர்.’ குறியையோ கழிவு அம்புகளையோ யாரும் போலியாகக் குத்த மாட்டார்கள். அதில் லாபம் இல்லை. படைப்பிரிவின் பெயர் கழிவு அம்பை விடப் புதிதாகத் தெரிந்தாலோ, பழுதின்போது பட்டறையில் போட்ட பூச்சைக் கிழித்துக்கொண்டு விழுந்திருந்தாலோ, அந்தப் பெயருக்குக் கூடுதலாக ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை.

பார்த்ததை எழுதி வைக்கும்போது விளக்கத்தையும் பார்வையையும் கலக்காதீர்கள். ‘இந்திய அரசு முத்திரை’ என்று எழுதுவதை விட ‘அகல அம்பு, உயரம் 3 மி.மீ., கீழே ‘ஐ’, ஃபிரேமின் மேல்பட்டையில், பூச்சுக்கு மேல்’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு முத்திரைக்கும் இடம், உயரம், பூச்சுக்கு முன்னா பின்னா என்ற மூன்றும் போதும். எதிரெதிர் இரண்டு திசைகளிலிருந்து ஒளி விழும்படி இரண்டு படம். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல். வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பொதுவில் போடும் படங்களில் மறைத்துவிடுங்கள், எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தை மட்டும் மறைக்காதீர்கள். முன்னெழுத்து இல்லாமல் ஆண்டு சொல்ல முடியாது.